'இட்ஸ் எ சின்' தொடரின் தமிழ் சப்டைட்டில் குறித்தும், உதவி எண் இல்லாதது குறித்தும் புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
தமிழ்ப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மூன்று ஆண்டுகளாக உங்கள் தளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டி வருகிறேன். சென்ற மாதம் 'இட்ஸ் எ சின்' என்ற பிரிட்டிஷ் தொடரின் ஐந்து அத்தியாயங்களையும் தமிழ் சப்டைட்டிலுடன் குடும்பத்தோடு பார்த்தேன். தொடரின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைத் தமிழில் நீங்கள் தந்திருக்கும் விதத்தைப் பற்றியே இந்தப் புகார். செயலி வழியாக இருமுறை எழுதியும் 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் வராததால், இம்முறை விரிவாக எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், 11 ஆண்டுகள் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவரிடம் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தச் சப்டைட்டிலைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

1981 முதல் 1991 வரையிலான லண்டனில், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு நோய் தங்கள் நண்பர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோவதைப் பார்த்து நிற்கும் இளைஞர்களின் கதை இது. நோயுற்ற நண்பன் குடித்துவிட்டுப் போன கோப்பையை அவர்களின் தோழி ஜில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். அப்படியும் மனம் ஆறாமல் அதை உடைத்துப் போடுகிறாள். அன்பு குறைந்து அவள் அப்படிச் செய்யவில்லை. சரியான தகவலைச் சொல்ல ஆளில்லாததால் செய்கிறாள். அந்தக் காட்சியில் என் மனைவி கையிலிருந்த வேலையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். எங்கள் தெருவிலும் 90-களில் ஒரு பிள்ளைக்குத் திண்ணையில் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்திருந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட தொடரில் எச்.ஐ.வி. என்று வரும் இடத்திலெல்லாம் உங்கள் சப்டைட்டில் 'எய்ட்ஸ்' என்றே போடுகிறது. எச்.ஐ.வி. என்பது கிருமி, அது உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைத்த பிறகு வரும் நிலைதான் எய்ட்ஸ். அந்த இளைஞர்களில் ஒருவனான ரிச்சிக்குப் பரிசோதனை முடிவு தெரியவரும் இடத்தில் அவனை 'எய்ட்ஸ் நோயாளி' என்று எழுதுவது, கிருமி இருப்பது தெரிந்த அன்றே அவனைச் சாவுப் படுக்கையில் கிடத்துவதாகும். அந்தக் காலத்து மக்களே இரண்டையும் குழப்பித்தான் பேசினார்கள் என்பது உண்மை. பாத்திரம் அப்படிப் பேசினால் தமிழிலும் அப்படியே வரட்டும். பாத்திரம் சரியாகச் சொல்வதையும் நீங்கள் தவறாக்குவதைத்தான் குறை கூறுகிறேன். தன்பாலீர்ப்பாளர்களுக்கு நீங்கள் பயன்படுத்தியிருக்கும் சொல்லும் அப்படித்தான். பகைவன் வாயில் வசை வசையாகவே வர வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நண்பர்கள் தங்களைப் பற்றிச் சிரித்துப் பேசும்போதும் அதே வசையைப் போட்டிருக்கிறீர்கள். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டித் தமிழக அரசு 2022-இல் இதற்கான சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது. தமிழில் சொல் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது கடைசி அத்தியாயம். மகனைக் கடைசி நாட்களில் நண்பர்கள் பார்க்கவிடாமல் வைத்திருந்த ரிச்சியின் தாயிடம், பிள்ளைகளின் மனத்தில் வீடு ஊட்டி வளர்த்த அவமான உணர்வைப் பற்றி ஜில் பேசுகிறாள். முழுத் தொடரும் அந்த ஒரு சொல்லை நோக்கித்தான் நடந்து வருகிறது. அங்கே உங்கள் சப்டைட்டில் 'கூச்சம்' என்கிறது. புது இடத்தில் குழந்தைக்கு வருவது கூச்சம். ஒரு மனிதனைத் தன் பிறப்பையே வெறுக்க வைப்பதற்குத் தமிழில் அவமானம் என்று பெயர்.

இதன் விளைவை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். தொடர் முடிந்ததும், கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் அக்கா மகன், "மாமா, இதுக்கு இன்னும் மருந்தே வரலையா? பாசிட்டிவ்னு வந்தா அவ்வளவுதானா?" என்று கேட்டான். கதை 1991-இல் முடிந்துவிடுகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது 1996-இல். இந்தியாவில் அந்த மருந்தை அரசு 2004 முதல் இலவசமாகத் தருகிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது என்பதும் உறுதியாகிவிட்ட மருத்துவ உண்மை. இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். தனியறையில் கைபேசியில் பார்க்கும் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

2021 ஜனவரியில் பிரிட்டனில் சேனல் 4 இதை ஒளிபரப்பியபோது பார்வையாளர்கள் அழுததோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே வந்த எச்.ஐ.வி. பரிசோதனை வாரத்தில், ஒரே நாளில் 8,000-க்கும் அதிகமானோர் பரிசோதனைப் பெட்டி கேட்டுப் பதிவு செய்ததாக எச்.ஐ.வி. பணியில் ஈடுபட்டுள்ள டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளை அறிவித்தது. அதுவரை இருந்த உச்சம் அதில் பாதிகூட இல்லை. எங்கே போய்ப் பரிசோதிப்பது என்ற தகவல் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உங்கள் தளத்திலோ, பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கிய ஐந்தாவது விநாடியில் ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டம் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. தற்கொலைக் காட்சி வரும் தொடர்களில் உதவி எண்ணை நீங்களே போடுகிறீர்கள். இதற்கு மட்டும் ஏன் இல்லை?

ஆகவே சப்டைட்டிலை விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு முழுமையாகத் திருத்த வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் இன்று சிகிச்சை உண்டு என்ற செய்தியையும், கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணான 1097-ஐயும், அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இலவசமாகப் பரிசோதிக்கலாம் என்பதையும் தமிழில் காட்ட வேண்டும். அதை ஒருவர் படித்து முடிக்கும்வரை அடுத்த முன்னோட்டம் ஓடக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 15 நாட்களுக்குள் உங்கள் முடிவை எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தவறான வரிகளை ஐந்து அத்தியாயங்களுக்கும் நிமிட வாரியாகக் குறித்து, சரியான சொற்களையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
மதுரை