ஏரிக்கரைக் குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் உப்பு ஏரியான சால்டன் சீயின் தென்கரையில், நியூ ரிவர் ஆறு வந்து சேரும் இடத்தில், மீன்களுக்கும் பறவைகளுக்கும் என்று கலிபோர்னியா அரசு 4,000 ஏக்கருக்கு மேல் குளங்கள் அமைத்து வருகிறது. 2021இல் தொடங்கிய வேலை. இந்த ஆண்டு மே மாதம் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். ஆற்று நீரையும் ஏரி நீரையும் கலந்து, மீன் தாங்கும் அளவுக்கு உப்பைக் குறைப்பதுதான் ஏற்பாடு. ஏரியில் இப்போது உப்பு, கடல் நீரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1999 ஆகஸ்டில் ஒரே நாளில் 76 லட்சம் மீன்கள் செத்து ஒதுங்கிய ஏரி இது. இன்றும் கரையில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்: மணல் என்று நினைத்தது எல்லாம் மீன் முள்ளும், பாறையில் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்ற சிற்றுயிரின் ஓட்டுத் தூளும்தான்.

குளங்கள் வரட்டும், பறவைகள் பிழைக்கட்டும். ஆனால் நம் வாசலில் பறக்கும் புழுதி அதனால் அடங்காது.

ஏரிக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி இம்பீரியல் பள்ளத்தாக்கு வயல்களின் வடிகால் நீர். 2003 தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தப்படி பாசன நீரில் ஒரு பகுதி சான் டியாகோ பக்கம் போனது. அதை ஈடுகட்ட ஏரிக்கு விட்ட தண்ணீரும் 2017 முடிவோடு நின்றது. அப்புறம் கரை வேகமாகப் பின்வாங்கிவிட்டது. வடிகாலோடு வந்து படிந்த செலினியம், ஆர்சனிக், பழைய டிடிடி பூச்சிக்கொல்லி எல்லாம் வெளியே தெரிகிற அந்தத் தரையில்தான் கிடக்கின்றன. குளிர்காலத்தில் உப்புப் பொருக்கு பொரிந்து மாவு மாதிரி ஆகிவிடும். காலை வைத்தால் பொசுக்கென்று உள்ளே போகும். காற்று அடித்தால் நேராக வீட்டுக்குள் வருகிறது.

2012 செப்டம்பரில் ஏரியின் அழுகல் நாற்றம் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போனபோது ஊரே பேசியது. புழுதிக்கு நாற்றம் இல்லை, அதனால் பேச்சும் இல்லை. இம்பீரியல் கவுண்டியில், அதாவது நம் மாவட்டத்தில், ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு ஓடும் குழந்தைகள் மாநிலச் சராசரியைவிட மிக அதிகம் என்பதை நாம்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் பெரும்பாலும் இதற்கே போனது. உறுப்பினர் வீடுகளில் காற்றுத்தர சென்சார்கள் வைத்தோம். அளவு ஏறினால் வாட்ஸ்அப் குழுவில் உடனே தகவல் வருகிறது. பெற்றோர்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள், இன்ஹேலரைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். காய்ந்த ஏரித் தரையில் வைக்கோல் கட்டுகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மறைவில் செடி வளர்க்கும் இடத்தையும் போய்ப் பார்த்தோம். கட்டுகளின் பின்னால் மண் சேர்ந்து நின்றிருந்தது. எளிய முறை, வேலை செய்கிறது. நம் பக்கத்துக்கும் அது வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்; பதில் இன்னும் வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

2024 நவம்பரில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய அரசுக் கடன் பத்திரத் திட்டத்தில் சால்டன் சீக்கு 17 கோடி டாலர் இருக்கிறது. ஏரிக்கென்று தனி அமைப்பும் சட்டப்படி உருவாகியிருக்கிறது. பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்று இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அருகே உள்ள காய்ந்த தரையில் புழுதியை அடக்கும் வேலை முதலில் நடக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்