வாசிகசாலைக் கணினிக்கூடத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பும் மதிப்பும் நிறைந்த உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வாசிகசாலையின் கணினிக்கூடம் இப்போது நீண்ட மின்தடைக்குப் பின்னரும் குறையின்றி இயங்குகிறது. கொழும்பிலிருந்து வாங்கிவந்த பாவித்த கணினிகளும் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிய அன்றே வைஃபையுடனும் ஒலியுடனும் மாணவர் கைக்கு வந்துவிட்டன. இந்த இரண்டுக்கும் காரணமானவர்கள் ஒரு சதமும் வாங்காமல் உதவிய நீங்கள். நேரில் நன்றி சொன்னபோதெல்லாம் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டீர்கள். பெயரையும் வெளியிட வேண்டாம் என்றீர்கள். அந்த விருப்பத்தை மதிக்கிறோம். ஆனால் நீங்கள் செய்தது இன்னதென்று விபரமாக எழுதாமல் விட மனம் வரவில்லை. இதே கரைச்சலில் இருக்கும் வேறொரு வாசிகசாலைக்கோ பாடசாலைக்கோ இந்த விபரம் பயன்படும் என்பதும் இதை எழுதுவதற்கு ஒரு காரணம்.

எங்கள் இணைப்பு கைப்பேசி வலையமைப்பின் ரவுட்டர் வழியாக வருகிறது. அதில் தாமதம் அதிகம் என்பதால், ஒரு கணினியில் அன்பவுண்ட் என்னும் மென்பொருளை நிறுவி எங்களுக்கென ஒரு டிஎன்எஸ் சேவையகத்தை, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் ஒன்றை, வைத்திருக்கிறோம். ஒரு மாணவர் கேட்ட தளத்தின் முகவரியை அது சிறிது நேரம் நினைவில் வைத்திருந்து, அடுத்த மாணவர் கேட்கும்போது உடனே கொடுத்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாடு, மணிக்கணக்கான மின்தடைக்குப் பின் மின்சாரம் வரும் நாட்களில் மட்டும் முற்றாகப் படுத்துவிடும். எந்தத் தளமும் திறவாது. குறுகிய தடையை யுபிஎஸ் தாங்கிக்கொள்வதால் அப்போது குறை தெரியாது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையில் வந்து கடந்தகால வினாத்தாள்களைத் தரவிறக்க முடியாமல் திரும்பிப் போவதைப் பார்ப்பது கவலையாக இருந்தது. எல்லோரும் ரவுட்டரையே சந்தேகித்தார்கள். கருவி விற்கும் ஒருவர் புதியது வாங்கினால்தான் தீரும் என்று விலையும் சொல்லிவிட்டார்.

நகரில் கணினித் திருத்தகம் நடத்தும் அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. உங்கள் கடையிலும் ரவுட்டர்கள் விற்பனைக்கு இருந்தன. நீங்கள் அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து, விசைப்பலகையின் முன் அமர்ந்து, இணையத்திலுள்ள 8.8.8.8 என்ற எண்முகவரிக்கு பிங் என்னும் சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பினீர்கள். பதில் உடனே வந்தது. அதே கணினியிலிருந்து ஒரு தளத்தைப் பெயர் சொல்லி அழைத்தபோது எதுவும் வரவில்லை. "லைன் சரி, பெயர் கண்டுபிடிக்கிற இடத்திலதான் பிழை" என்று அப்போதே சொல்லிவிட்டீர்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் ரவுட்டரையும் கேபிளையும் நோண்டுவதில் பயனில்லை என்பது இன்று எங்கள் மாணவர் எல்லோருக்கும் தெரியும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் தங்கச்சி, உங்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. பரீட்சைக் காலத்திலும் பின்னேரங்களில் வந்தீர்கள். மாணவர் கணினி ஒன்றில், டிஎன்எஸ் சேவையகத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கும் ரிசோல்வ் கோப்பைத் திறந்தபோது 127.0.0.53 என்ற முகவரி இருந்தது. இது பிழை, அழித்துவிடுவோம் என்று பிள்ளைகள் சொன்னபோது நீங்கள் தடுத்து, அது அந்தக் கணினியிலுள்ள உபுண்டு என்ற லினக்ஸ் வகை தனக்குள்ளேயே வைத்திருக்கும் இடைத்தரகர் என்றும், உண்மையில் எந்தச் சேவையகத்திடம் கேட்கப்படுகிறது என்பதை ரிசோல்வ்சிடிஎல் கட்டளையால் பார்க்கலாம் என்றும் காட்டினீர்கள். பிறகு டிக் என்னும் கருவியைக் கொண்டு ஒரே பெயரை மூன்று இடங்களில் கேட்டீர்கள்: எங்கள் சேவையகத்தில், ரவுட்டரில், 1.1.1.1 என்ற பொதுச் சேவையகத்தில். பின்னைய இரண்டும் பதில் தந்தன. எங்களுடையது மட்டும் சேர்வ்ஃபெயில் என்றது.

அந்தச் சொல்லைக் கண்டதும் நீங்கள் தந்த விளக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என்எக்ஸ்டொமைன் என்று வந்தால் அது ஒரு முழுமையான பதில்: அப்படியொரு பெயரே இல்லை. சேர்வ்ஃபெயில் என்றால், சேவையகம் முயன்று பார்த்தும் நம்பத்தகுந்த பதிலைத் தர முடியவில்லை. ஆகவே பெயரைத் திருப்பித் திருப்பித் தட்டச்சுச் செய்வதை விட்டு, அது ஏன் முடியாமற் போனது என்று தேட வேண்டும். அடுத்து, சரிபார்ப்பை நிறுத்திக் கேட்கும் சிடி என்ற குறியைச் சேர்த்து அதே கேள்வியை எங்கள் சேவையகத்திடமே கேட்டீர்கள். முகவரி வந்து விழுந்தது. வெளியிலிருந்து பதில் வருகிறது, எங்கள் சேவையகம்தான் அதை ஏற்க மறுக்கிறது என்பது அதோடு உறுதியானது.

ஏன் மறுக்கிறது என்ற கேள்விக்கு விடை ரொறன்ரோவிலிருந்து வந்தது. அங்கே வலையமைப்பு நிர்வாகியாக வேலை செய்யும் எங்கள் ஊர் அண்ணா, உங்களுக்கு அங்கே விடியற்காலை என்பது தெரிந்தும் அழைத்தோம். நீண்ட மின்தடைக்குப் பிறகு மட்டும்தான் இது நடக்கிறது என்று தங்கச்சி சொல்லி முடிப்பதற்குள், "அந்தக் கணினியில இப்ப என்ன திகதி எண்டு பாருங்கோ" என்றீர்கள். பார்த்தோம். ஓராண்டுக்கும் மேல் பழைய ஒரு திகதி அதில் இருந்தது.

டிஎன்எஸ் பதில்கள் போலியானவை அல்ல என்று உறுதிசெய்ய டிஎன்எஸ்செக் என்ற முறையில் அவற்றுக்குக் கையொப்பம் இடப்படுகிறது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உண்டு. சேவையகத்தின் மணிக்கூடு பழைய ஆண்டைக் காட்டினால், இன்றைய கையொப்பங்கள் அனைத்தும் அதன் கணக்கில் இன்னும் செல்லுபடியாகாதவை. டிஎன்எஸ் முறையின் உச்சியில் இருக்கும் மூலச் சேவையகங்களின் பதில் முதற்கொண்டு எல்லாவற்றையும் அது தள்ளிவிடும். மணிக்கூட்டைத் தானாகத் திருத்த குரோனி என்னும் நிரல் எங்கள் கணினியில் இருந்தது. அதற்கு நேரம் சொல்லும் சேவையகமோ பெயரால் குறிக்கப்பட்டிருந்தது. பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் வேலை செய்யச் சரியான நேரம் வேண்டும், நேரம் சரியாவதற்குப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சுற்றை அண்ணா தொலைபேசியில் விளக்கியபோது அறையிலிருந்த அத்தனை பேரும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எஞ்சியதைத் திருத்தக அண்ணா முடித்துவைத்தார். பெட்டியைத் திறந்து, மின்சாரம் இல்லாதபோதும் மணிக்கூட்டை ஓடவைப்பதற்காகத் தாய்ப்பலகையில் சிறிய நாணயக் குற்றியளவில் இருந்த சிஆர் 2032 மின்கலத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். அதன் பிடியில் கடற்காற்றின் உப்பு வெண்பச்சையாகப் பூத்திருந்தது. பல்மானியின் முனைகளை வைத்தபோது, மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தான் காட்டியது. கரையோரத்தில் இருக்கும் கணினிகளில் இந்தப் பிடியை ஆண்டுக்கொரு தடவையாவது துடைக்க வேண்டும் என்று சொல்லியபடியே, அற்ககோல் நனைத்த பஞ்சால் சுத்தம் செய்து புதிய மின்கலத்தைப் பொருத்தினார். தங்கச்சி அத்தோடு விடவில்லை. மின்கலம் மறுபடி தீர்ந்தாலும் சேவையகம் எழுந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, பெயரின்றி எண்முகவரியாலேயே அழைக்கக்கூடிய ஒரு நேரச் சேவையகத்தையும் குரோனியின் அமைப்பில் சேர்த்தார். பிறகு வேண்டுமென்றே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளி, கணினியை மீளத் தொடக்கி, அது தானாகவே இன்றைய திகதிக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்னரே வீட்டுக்குப் போனார். திருத்திய ஒன்றை மறுபடி உடைத்துப் பார்த்து உறுதிசெய்யும் இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர் அவர்களே, இந்தச் சம்பவத்தைப் பாடமாக்கித் தந்ததற்கு முதலில் நன்றி. ஒரு காலத்தில் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் எழுதி எல்லா இடங்களுக்கும் படியெடுக்கப்பட்டன என்பதையும், அது தாங்காது என்று கண்டு 1983இல் போல் மொக்காபெற்றிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார் என்பதையும் சொல்லித் தொடங்கினீர்கள். டிக் கருவியில் ட்ரேஸ் என்ற குறியை இட்டு, கேள்வி முதலில் ஏ முதல் எம் வரை பெயரிடப்பட்ட 13 மூலச் சேவையகங்களில் ஒன்றிடமும், அங்கிருந்து .எல்கே என்று முடியும் இலங்கைத் தளங்களுக்கான சேவையகத்திடமும், அதன்பின் உரிய தளத்தின் சேவையகத்திடமும் போவதைத் திரையில் காட்டினீர்கள். திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி நிலாவெளிக்கு வழி கேட்டு, நிலாவெளியில் ஒழுங்கையைக் கேட்டு, ஒழுங்கையில் வீட்டைக் கேட்பது போல என்று நீங்கள் சொன்னதும் சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கிவிட்டது. மூலச் சேவையகங்களில் .இலங்கை என்று தமிழிலேயே ஒரு மேல்நிலைப் பெயர் பதிவாகியிருப்பதைக் கண்டபோது ஒரு மாணவி கைதட்டினாள். அந்த மகிழ்ச்சியும் உங்களால் வந்தது.

கணினிகள் வாங்கிய விடயத்திலும் இந்த ஆசிரியர் சேர்தான் முன்நின்றார். வெளிநாடுகளில் வாழும் எங்கள் ஊரவர்கள் அனுப்பிய பணத்தை எப்படிச் செலவிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, விளம்பரத்தில் போட்டிருக்கும் ரமின் அளவையும் திரையின் அளவையும் பார்த்து லினக்ஸுக்குக் கணினி வாங்கக் கூடாது, உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்து வாங்க வேண்டும் என்றார். இரவுப் புகையிரதத்தில் எங்களோடு கொழும்புக்கு வந்தார். அவர் சட்டைப் பையில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின், கணினியில் நிறுவாமலே ஓடும் லைவ் பதிவு இருந்த ஒரு யுஎஸ்பி மட்டும் இருந்தது. பம்பலப்பிட்டியில் ஒவ்வொரு மடிக்கணினியையும் அந்த யுஎஸ்பியிலிருந்து தொடக்கி, எல்எஸ்பிசிஐ கட்டளையால் பாகங்களின் பட்டியலை எடுத்து, வைஃபை, ஒலி, கமரா, மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா என்பது வரை பார்த்த பின்னரே விலை பேசினார். இதற்கு இடம் கொடுத்துப் பொறுமையாக நின்ற கடைக்காரத் தம்பிக்கும் எங்கள் நன்றி உரியது.

வைஃபை சிப்பைப் பற்றி அவர் சொன்னவற்றை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் அதிகம் பேர் அகப்படுவது அங்கேதான். எல்எஸ்பிசிஐ காட்டும் அடையாள எண்ணில் முன்பகுதி 8086 என்றிருந்தால் அது இன்டெல். அதை இயக்கும் ட்ரைவர் நிரல் லினக்ஸின் மையமான கர்னலிலேயே உண்டு. தனியே வேண்டியது சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பு மட்டும். 2022இல் டெபியன் சமூகம் வாக்கெடுத்து முடிவுசெய்தபடி, 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகள் நிறுவல் பதிவிலேயே சேர்ந்து வருகின்றன. புரோட்கொம் சிப்புகள் பலவற்றுக்குத் தனியான ட்ரைவரைத் தரவிறக்க வேண்டியிருக்கும். வைஃபை இல்லாமல் அதைத் தரவிறக்கக் கேபிள் வேண்டும், மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் கேபிள் செருகும் இடமே கிடையாது. யுஎஸ்பி வைஃபை வாங்குவோர் பெட்டியின் மேலுள்ள மாதிரிப் பெயரை மட்டும் நம்பக் கூடாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில், முதற் பதிப்பு ஏதெரோஸ் சிப்புடனும் இரண்டாம் பதிப்பு ரியல்டெக் சிப்புடனும் வந்தது. லினக்ஸில் அவை இரண்டும் வெவ்வேறு கருவிகள். பதிப்பு எண் பெட்டியின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். சேர் அதைத் தேடிப் பிடித்து, ஒன்றை வாங்காமல் தடுத்தார்.

ஒரு நல்ல மடிக்கணினியில் வன்தட்டே தெரியவில்லை. எங்களில் ஒருவர் அதை ஒதுக்கி வைக்கப் போனபோது, சேர் கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸுக்குள் போய், இன்டெல்லின் ரெய்ட் முறையில் இருந்த சேமிப்பக அமைப்பை ஏஎச்சிஐக்கு மாற்றினார். வன்தட்டு உடனே தெரிந்தது. கிராபிக்ஸுக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி உள்ளமைந்ததே எங்கள் தேவைக்குப் போதும் என்றார். 32 பிட் செயலி கொண்ட பழைய இயந்திரங்களை இலவசமாகத் தந்தாலும் எடுக்க வேண்டாம் என்றார்: 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கான நிறுவல் பதிவு இல்லை. அச்சுப்பொறியைப் பொறுத்தவரை, விண்டோஸ் ட்ரைவர் இல்லாமல் பக்கத்தையே அமைக்கத் தெரியாத மலிவு வகைகளை விட்டு, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க மொழியோ ட்ரைவர் இன்றி அச்சிடும் ஐபிபி முறையோ உள்ள ஒன்றைத் தெரிவுசெய்து தந்தார். அதில் கிழமைதோறும் கட்டுக்கட்டாக வினாத்தாள் அச்சாகிறது.

பணம் அனுப்பிய ஊரவர்களுக்கும், கணினிகளைப் புகையிரத நிலையத்திலிருந்து தன் ஓட்டோவில் ஏற்றிவந்து கூலி வேண்டாம் என்று போன ஐயாவுக்கும், பின்னேரம்தோறும் பிளேன்ரீ அனுப்பிய அயல்வீட்டு அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி.

மற்றக் கணினிகளின் மின்கலங்களையும் வரும் பாடசாலை விடுமுறையில் மாற்றிவிடுவதாகத் திருத்தக அண்ணா வாக்களித்திருக்கிறார். தங்கச்சி எழுதித் தந்த கட்டளைகள் அடங்கிய கொப்பியும், சேர் எங்களுக்கே விட்டுப்போன யுஎஸ்பியும் கூடத்தின் அலுமாரியில் இருக்கின்றன. மூதூர், குச்சவெளி, கந்தளாய் என எந்தப் பக்கத்து வாசிகசாலையோ பாடசாலையோ கேட்டாலும் இரண்டையும் கொடுத்து அனுப்புவோம். வேண்டுமானால் எங்கள் மூத்த மாணவர் ஒருவரும் கூட வருவார்.

மிக்க நன்றியுடன்,
கணினிக்கூடப் பொறுப்பாளர்,
வாசிகசாலை நிர்வாகத்தினர் மற்றும் மாணவர் சார்பில்.