படகு மேட்டைக் காலி நிலம் என்று எழுதியவர்களுக்கு

கடற்கரைப் பூங்காவின் மறுசீரமைப்புத் திட்டத்தைத் தீட்டிவரும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எங்கள் குப்பத்தையும் அழைத்ததற்கு நன்றி. காலை எட்டு மணி என்று வைத்தீர்கள். அந்த நேரத்தில்தான் படகுகள் கரையேறும், ஏலம் நடக்கும். அதனால் ஊரில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு வரைபடத்தைக் கொடுத்தீர்கள். அதைப் படித்துச் சொல்லும் வேலை, கல்லூரிக்குப் போய்வந்த பாவத்துக்காக என் தலையில் விழுந்தது.

பூங்காவுக்கும் குப்பத்துக்கும் நடுவே உள்ள மணல் மேட்டில் பச்சை நிறம் பூசி, காலி நிலம், புல்வெளி அமையும் இடம் என்று குறித்திருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னபோது யாரும் கூச்சல் போடவில்லை. என் பெரியப்பா மட்டும், "எந்த மாதத்தில் வந்து அளந்தார்களாம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் அளந்தது சித்திரையில். அன்றுகூட அது காலியாக இல்லை. நெத்திலி காய்ந்துகொண்டிருந்த தார்ப்பாய்களை ஓரமாக இழுத்துப்போடச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் ஆட்கள் நாடாவை விரித்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். வாடைக்காற்று எழுந்து அலை மேலேறும்போது, ஊரே தோள்கொடுத்துப் பைபர் படகுகளை ஏற்றி வைப்பது அந்த மேட்டில்தான். புயல் கூண்டு ஏறினால் வலையும் இஞ்சினும் அங்கேதான் போகும். அதை விட்டால் எங்களுக்கு அடுத்த இடம் தார்ச்சாலை. உங்கள் புல்வெளியில் படகை இழுத்து ஏற்ற விடுவீர்களா?

அந்த மேட்டை வரைபடத்தில் படகு மேடு என்று எழுதுங்கள். கடலுக்குப் போக, பூட்டாத ஒரு பாதை விடுங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

பாதையைப் பற்றி ஏன் இத்தனை அழுத்தம் என்று தோன்றலாம். போன முறை பூங்காவைப் புதுப்பித்தபோது வேலி போட்டார்கள். நாங்கள் தலைமுறையாக நடந்த வழி வேலிக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து மீன் எடுக்கப் போகும் பெண்கள் பூங்காவின் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். ஒருநாள் புதிதாக வந்த காவலாளி என் அம்மாவை நிறுத்தி டிக்கெட் கேட்டார். அம்மாவின் இடுப்பில் காலிக் கூடை. கண்ணுக்கெட்டும் தூரத்தில் அப்பாவின் படகு கரை தொட்டுக்கொண்டிருக்கிறது. நேரமாகிறதே என்று இருபது ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மீனோடு திரும்பியபோது அந்த வாசலும் இல்லை என்றாகிவிட்டது. நாற்றம் என்று சுற்றிப்பார்க்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கொதிக்கும் மணலில் வேலியைச் சுற்றி நடந்து சாலைக்கு வந்து சேர்ந்தபோது, சந்தைக்குப் போகும் ஷேர் ஆட்டோ போய்விட்டிருந்தது. அன்றைய மீன் பாதி விலைக்குப் போயிற்று. அந்த டிக்கெட் இன்னும் அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது. 'பெரியவர் 1' என்று அதில் அச்சாகியிருக்கிறது.

சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனவ ஊர்களின் பொது இடங்களையும் மீன் காயவைக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. 2019இல் வந்த அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிகக் குடில், கழிப்பறை, நடைபாதை எல்லாம் அமைக்கலாம் என்கிறது. குடிலுக்கு இடம் கொடுக்கும் பக்கம் மட்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

திட்டப் படத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். நுழைவாயிலில், வலை வீசும் மீனவருக்கு ஒரு சிலை. நல்ல யோசனைதான். சிலைக்குப் பசிக்காது, நாற்றமடிக்காது, டிக்கெட்டும் கேட்க வேண்டியதில்லை. கரையோரம் வரிசையாக ஹைமாஸ்ட் விளக்குகளாம். தை, மாசியில் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட ஏறும் மணல் அது. பொரிந்த குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும். கடலை விட்டுச் சாலைக்கு வந்து சாகும். அலை எதுவரை ஏறும் என்றாவது எங்கள் பெரியவர்களிடம் கேட்டீர்களா? 2022 நவம்பர் இறுதியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதையை, அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பெயர்த்தது. நல்ல நோக்கத்தோடு போட்ட பாதை. ஆனால் கடல் நோக்கம் பார்த்து வருவதில்லை.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூங்கா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் ஊஞ்சல் ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டத்தை நம்பி வறுத்த மீன் கடை போட்டுப் பிழைக்கும் பெண்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

டெண்டர் விடுவதற்கு முன்பு இன்னொரு கூட்டம் நடத்துங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் ஊர்க் கோயில் முன்னால், மாலை நான்கு மணிக்குப் பிறகு, தமிழில் எழுதிய வரைபடத்தோடு வாருங்கள். அதில் படகு மேடும் பூட்டாத பாதையும் இருக்கட்டும். கார்த்திகையில் வந்தால் இன்னும் நல்லது. காலி நிலத்தில் நிற்க இடம் கிடைக்காது. ஏதாவது ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
குப்பத்து மகன் ஒருவன்