பழைய பக்கங்களுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்

வளர்ந்துவரும் தமிழ் இணையதளங்களின் ஆசிரியர் குழுக்களுக்கு,

வணக்கம். ஒரு கட்டுரைத் தளத்தில் பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்துவது என் வேலை. போன மாதம் ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். போனில் உள்ள படங்களைப் பத்திரமாகச் சேமிப்பது பற்றி நாங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “நீங்கள் சொல்கிற பட்டன் என் போனில் இல்லையே” என்று கேட்டிருந்தார். தேடிப் பார்த்தேன். அதே விஷயத்துக்கு எங்கள் தளத்தில் மூன்று கட்டுரைகள் இருந்தன. மூன்றும் மூன்று விதம். தேடலில் முதலில் வந்தது, இருப்பதிலேயே பழையது.

இது கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை. ஐம்பது கட்டுரைகள் இருக்கும்வரை தளம் யாரோ ஒருவரின் நினைவில் இருக்கும். “அதைப் போன வருஷமே போட்டாச்சே” என்று அவர் சொல்லிவிடுவார். இரண்டாயிரம் ஆனபிறகு அப்படிச் சொல்ல ஆளில்லை. பழைய ஆள் வேலையை விட்டுப் போகும்போது நினைவும் அவரோடு போய்விடுகிறது. எல்லோரும் அடுத்த கட்டுரையைப் பார்க்கிறார்கள். போட்டு முடித்ததை யாரும் பார்ப்பதில்லை. வாசகர்களோ பெரும்பாலும் தேடல் வழியாக நேராகப் பழைய பக்கத்துக்குத்தான் வருகிறார்கள்.

கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுக்க நாம் இடும் குறிச்சொற்களைப் பாருங்கள். எங்கள் பட்டியலில் கணினி, கணிப்பொறி, கம்ப்யூட்டர், கம்ப்யூடர் என்று நான்கு இருந்தன. ஒன்றைச் சொடுக்கினால் மற்ற மூன்றிலும் உள்ள கட்டுரைகள் வராது. இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் திரையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் அது வேறு வரிசை. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும்படி தேடலை அமைக்காவிட்டால், எதிரில் இருக்கும் கட்டுரையே அகப்படாது. ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்து, அந்தப் பட்டியலை ஒருவர் கையில் கொடுங்கள். புதிய குறிச்சொல் வேண்டுமென்றால் அவரைக் கேட்கட்டும். கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம், பக்கத்தின் இணைய முகவரி. தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தலைப்பைத் தமிழில் கொடுத்தால் முகவரியும் தமிழிலேயே வந்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் அலகு). ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக, ஒரு குறியீட்டுக்கு 9 இடம். ‘கு’ போன்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடு. முகவரியில் தலைப்புக்கென்று ஒதுக்கியிருப்பதோ 200 இடம்தான். இருபத்திரண்டு குறியீடுகளுக்கு மேல் போனால் முகவரி பாதியில் அறுந்துவிடும். எங்களிடம் அப்படி வால் அறுந்த முகவரிகள் ஏராளம். சிறிய ரோமன் எழுத்து முகவரியை முதல் நாளே கையால் கொடுத்துவிடுவதுதான் என் வழக்கம்.

கொடுத்த முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதைத் தேடி வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 வழிமாற்று போடுங்கள். தளத்துக்குப் புது வடிவம் கொடுத்த அன்றே பல ஆண்டு உழைப்பு ‘404’ (பக்கம் இல்லை என்ற பிழை) ஆகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போயிருந்தன. அவற்றுக்கு இணைப்பு கொடுத்தவர்கள் நம்பித்தானே கொடுத்தார்கள்?

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஐந்தாவது, நூலகம் ஒரு வளரும் உயிர் என்கிறது. நம் தளங்களுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும், அடுத்து எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற தேதியும் இருக்கட்டும். ஒரு விரிதாள் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. அதிகம் படிக்கப்படும் இருபது பக்கங்களில் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் புதிய கட்டுரை போடாமல் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

அந்த மூன்று கட்டுரைகளையும் சேர்த்து ஒன்றாக எழுதிவிட்டேன். மற்ற இரண்டு முகவரிகளும் இப்போது அங்கேதான் போய்ச் சேர்கின்றன. கேட்ட வாசகருக்கும் இணைப்பை அனுப்பியாயிற்று.

அன்புடன்,
பழைய பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர்