குதிரை உதைத்த ஆற்றுக்குப் போய்வந்த மகளுக்கு

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், அதனால் மெயிலில் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ காற்றடைத்த படகில் ஆற்றோட்டத்தில் ராஃப்டிங் போன படத்தைத் தம்பிதான் காட்டினான். எங்களுக்கு அனுப்ப உனக்கு நேரம் இருந்திருக்காது. ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டுமாக, மூஞ்சியெல்லாம் தண்ணீர் அடிக்க, முன்வரிசையில் துடுப்பை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கிணற்றுப் படியில் நின்று அழுத பிள்ளையா இது என்று இருந்தது. எதிர்வீட்டு மாமாவுக்கும் காட்டினேன். அப்புறம் அது என்ன ஆறு என்று தேடிப் படித்தேன், அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

கிக்கிங் ஹார்ஸ், உதைக்கும் குதிரை என்று உங்கள் கனடாவில் ஒரு ஆற்றுக்குப் பெயரா? 1858-இல் ஜேம்ஸ் ஹெக்டர் என்ற டாக்டர் ராக்கி மலையைக் கடக்க வழி தேடிப் போனபோது பொதிக்குதிரை உதைத்து மூர்ச்சையாகிவிட்டாராம். செத்துவிட்டார் என்று நினைத்து, கூட வந்தவர்கள் குழிகூடத் தோண்டிவிட்டார்கள் என்கிறார்கள். அதற்குள் ஆள் கண்ணைத் திறந்துவிட்டார். என்ன அவசரம் அவர்களுக்கு? கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருக்கக் கூடாதா? எதையும் முடிந்துபோனது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் நாலு நாள் பார்க்க வேண்டும். அதற்காக, மூச்சே இல்லாததைக் கட்டிக்கொண்டு உட்காரவும் சொல்லவில்லை.

சரி, ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். மதகும் அளவுகோலுமாகவே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், அதனால் கேள். அது மழையை நம்பி ஓடும் ஆறு இல்லை. வாப்டா ஏரியில் புறப்பட்டு, பனியும் பனிப்பாறையும் உருகும் தண்ணீரை வழியெல்லாம் வாங்கிக்கொண்டு கோல்டன் என்ற ஊரில் கொலம்பியா ஆற்றில் போய்ச் சேருகிறது. நம் கணக்கில் வெயில் அடித்தால் ஆறு வற்றும். அங்கே வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். ஜூன், ஜூலையில்தான் உச்சம். உச்சி வெயிலில் மேலே உருகியது கீழே வந்துசேரச் சாயங்காலமாகும். காலையில் பார்த்த மட்டத்தை நம்பி மாலையில் இறங்கக் கூடாது. தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறதே, அது பனிப்பாறை மலையை அரைத்த கல்மாவு. அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதே. முழங்கால் அளவுதானே என்று தோன்றும், அப்போதும் நிற்காதே. பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் வேகம் ஆளைக் குப்புற மடக்கித் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் ஓட்டம் போகிற பக்கம் நீட்டி மேலே வைத்துக்கொள். மரம் விழுந்து கிடக்கிற பக்கம் மட்டும் போய்விடாதே. கிளைகளுக்கு நடுவே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது.

உங்கள் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்கு சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் மூச்சு முட்டி இரைக்கும், அது அடங்க 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் பதறித் தண்ணீரைக் குடித்துவிடுகிறவர்களுக்கு மற்ற இரண்டும் இல்லை. நீ பதறுகிற பெண் இல்லை. எதையும் உள்ளே வைத்துக்கொண்டு சிரிக்கிறவள், அதுதான் எனக்குப் பயம்.

படத்தில் இருக்கிறவர்களை எண்ணிப் பார்த்தேன். பின்னால் வழிகாட்டி, உன் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், மற்றவர்கள் யாரும் நமக்குத் தெரிந்த முகம் இல்லை. மாப்பிள்ளை கரையில் நின்று படம் எடுத்திருப்பார் என்றாள் அம்மா. இருக்கும் என்றேன். பெரிய அலை இருக்கிற இடத்தில் கம்பெனியே ஆள் வைத்துப் படம் எடுத்து விற்கும் என்பதை நானும் படித்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. போன பொங்கலிலிருந்து அவர் எங்களிடம் பேசவில்லை, வேலை அதிகம் என்று நீ சொன்னாய். அதையும் நாங்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

துடுப்பின் முனையில் டி மாதிரி ஒரு கைப்பிடி இருக்குமே, அதை எந்த ஆட்டத்திலும் விடாதே. விட்டால் பக்கத்தில் இருப்பவர் பல் போய்விடும். நீ விட்டிருக்க மாட்டாய்.

படகில் ஏறும்முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்களாமே, எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று. அவசரமென்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்றும் அதில் கேட்பார்கள். அங்கே நீ யார் பெயரை எழுதினாய், மலர்? மாப்பிள்ளை பெயர் என்றால் சரி. கூட வேலை செய்கிற யாராவது என்றாலும் சரி. வெறுமனே விட்டுவிட்டு மட்டும் ஏறாதே. என் பெயரைப் போடு. இத்தனை தூரத்தில் இருக்கிற அப்பா என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைக்காதே. உனக்குப் பகல் பன்னிரண்டு என்றால் எங்களுக்கு ராத்திரி பதினொன்றரை. போனைத் தலைமாட்டில்தான் வைத்துப் படுக்கிறேன். சைலண்டில் போடுவதில்லை.

டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருந்தாய். டிக்கெட் ஒன்றா இரண்டா என்று அம்மா கேட்டாள். எத்தனை போட்டாலும் விமான நிலையத்துக்கு நான் வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். தேதி மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா