உன் அப்பாவின் பெட்டியில் ஒரு ஜாய்ஸ்டிக்

டேய்,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கோபப்படாதே. இங்கே எல்லோரும் நலம். எழுத வந்தது உன் அப்பா என்னிடம் கொடுத்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற அந்தப் பழைய கையடக்கக் கம்ப்யூட்டர் பற்றி.

அதில் விளையாட ஜாய்ஸ்டிக் சேர்த்துவிட்டேன், வேலையும் செய்கிறது!

முதலில் அதிலுள்ள பார்கோடு ரீடர் மாட்டும் சாக்கெட்தான் கண்ணில் பட்டது. ஒன்பது பின், பழைய அடாரி ஜாய்ஸ்டிக்குக்கும் ஒன்பது. ஆனால் அதில் உள்ளே வரும் தரவுக் கம்பி ஒன்றே ஒன்று. நமக்கோ நாலு திசை, ஒரு பொத்தான். அப்புறம் கீபோர்டு சர்க்யூட்டை விரித்து வைத்து உட்கார்ந்தேன். 9, 0, கழித்தல், சமம், நாலு அம்புக்குறி, இந்த எட்டு விசைக்கும் ஒரு பக்கம் ஒரே கம்பி! அடாரியின் ஐந்து சுவிட்சுக்கும் பொதுக் கம்பி ஒன்றுதான், எட்டாவது பின். அதை கிரவுண்டுக்குக் கொடுக்காமல் இந்தக் கம்பியில் சேர்த்து, நாலு திசையை அம்புக்குறி விசைகளோடும் சுடும் பொத்தானை 0 விசையோடும் இணைத்தேன். டையோடு இல்லை, சிப் இல்லை, ஆறே ஒயர்.

பிறகு ஒரு விண்கல விளையாட்டு. பேசிக் மொழியில், அழுத்திய விசையைச் சொல்லும் இன்கீ கட்டளை வைத்து ஓட்டினால் விண்கலம் ஓர் அடி நகர்ந்து நின்று, அப்புறம்தான் ஓடுகிறது, மூலைவாட்டில் போகவே மாட்டேன் என்கிறது. அந்தப் பொதுக் கம்பியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீபோர்டு நிலை வந்து சேரும் போர்ட் 232ஐ நேரடியாகப் படித்தால் எட்டு விசையின் நிலையும் ஒரே பைட்டில் வந்துவிடும், அழுத்திய விசை 0 காட்டும். நடுவில் கம்ப்யூட்டரின் சொந்த ரோம் நிரலும் வந்து கீபோர்டைத் துழாவுவதால், படிக்கும் கணத்தில் அந்தக் குறுக்கீட்டை (இன்டரப்ட்) நிறுத்த ஒரு சின்ன மெஷின் கோடு எழுதினேன். இப்போது அந்த 240க்கு 64 புள்ளித் திரையில் விண்கலம் எப்படி வழுக்கிப் போகிறது தெரியுமா, நீ பார்க்க வேண்டும்.

இன்னொன்று. திறந்தபோது உள்ளே மெமரியைக் காக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது, சர்க்யூட் பலகையில் இரண்டு செம்புத் தடங்களை அரிக்கத் தொடங்கியிருந்தது. எடுத்துவிட்டு வினிகர் தொட்டுத் துடைத்தேன், தடம் பிழைத்தது. இந்த ஜாய்ஸ்டிக் ஆசை வராமல் இருந்திருந்தால் நான் அதைத் திறந்தே இருக்க மாட்டேன். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சரி, கேட்க வந்தது இதுதான். ஜாய்ஸ்டிக் ஒயர் இப்போது அடியில் ரோம் சிப் மாட்டும் இடத்தின் மூடி வழியாகத் தொங்குகிறது. ஒழுங்காக சாக்கெட் வைக்கப் பின்பக்கம் ஓட்டை போட வேண்டும், அப்பா தன் இனிஷியலைக் கீறி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. அளக்காமல் ஓட்டை போடுகிறவன் நீதான், அந்த ரேடியோ கதை மறக்குமா! எனக்கு உன்னைக் கேட்காமல் அந்தப் பெட்டியில் டிரில் வைக்க மனசு வரவில்லை. போடட்டுமா? அம்மாவிடமும் கேட்டு எழுது. பதில் வரும்வரை ஒயர் தொங்கட்டும்.