பள்ளி கேன்டீனில் என்ன விற்கிறார்கள்?

ஆசிரியருக்கு,

என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் மதிய இடைவேளை மணி அடித்ததும் கேன்டீன் முன்னால் கூட்டம் அலைமோதும். கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ், சமோசா. பக்கத்திலேயே சிவக்கச் சிவக்க சாஸ் ஊற்றிய நூடுல்ஸ். பப்ஸை மடித்துக் கொடுக்கும் செய்தித்தாள் (உங்கள் நாளிதழாகவும் இருக்கலாம்!) எண்ணெயில் ஊறி, மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. சுண்டல், வாழைப்பழம் வைக்கக் கூடாதா என்று கேட்டால், "அதெல்லாம் போகாது சார்" என்கிறார் கடைக்காரர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதிக வாடகை தருபவருக்குக் கேன்டீனை விட்டால், அவர் லாபம் வருவதைத்தானே விற்பார்?

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-லேயே விதி வகுத்துவிட்டது. எங்கள் பள்ளி வாசலில் அப்படி ஒரு விதி இருக்கும் சுவடே இல்லை.

இத்தனைக்கும் பக்கத்து அரசுப் பள்ளியில் சத்துணவில் முட்டையும் கொண்டைக்கடலை புலவும் இலவசமாகவே கிடைக்கின்றன. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். அங்கும் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டிய நாட்கள் உண்டு என்கிறார்கள். சரி, ஆனாலும் தட்டில் சத்து இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் நமக்கு மைதா.

உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மதிய இடைவேளை நேரத்தில், முன்கூட்டியே சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். கேன்டீன் உணவுப் பட்டியலைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யப் பள்ளிக் கல்வித்துறை உத்தரவிட வேண்டும்.

- ஒரு பெற்றோர், மதுரை